நிறுத்தக் கூடாத அடி

என் அம்மாவுக்கு என் பாட்டு பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் கிடையாது. வீட்டில் நான் கித்தாரை ஆம்ப்ளிஃபயரில் செருகினாலே போதும், "ஆரம்பிச்சிட்டா, மரம் அறுக்குற மிஷின" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். நான் ராக் பாடுகிறவள். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, தொண்டை கிழியக் கத்துகிறவள். முதல் ஆல்பத்தை என் படுக்கையறையில், மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பதிவு செய்தேன். இரண்டாவதையாவது முறையாக ஒரு ஸ்டூடியோவில் செய்யலாம் என்று துணிந்தேன். டவுனில் ராசா என்கிற பகுதியில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. நான் சொல்ல வந்தது அந்த ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டைப் பற்றி. அந்தப் பாட்டால் என் அம்மா செத்தே போயிருப்பாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.

அம்மா சாமியாடி. ரந்தா ஊருக்கு வெளியே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால், அம்மன் இறங்குவது அவள் மேல்தான். வருஷம் முழுக்கப் பால்மரம் வெட்டி, பிறகு எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி, யாரிடமும் குரலை உயர்த்தாமல் இருந்த பொம்பளை, அந்த ஒரு நாள் உறுமிச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பாள். தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரையும் கணக்கு எழுதுகிற கிராணியையும் வாடா போடா என்பாள். அவர்கள் கைகட்டி நிற்பார்கள். எந்த வீட்டில் என்ன குறை, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று வாக்குச் சொல்வாள். சாமி அவளை விட்டு மலையேறியதும் சுருண்டு விழுவாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சாமி என்னா சொன்னிச்சி?" அவளுக்கு ஒன்றுமே நினைவிருக்காது. தன் வாய் என்ன பேசியது என்பதை அக்கம்பக்கத்துக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள்.

அப்புறம் இருதயத்தில் அடைப்பு வந்தது. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்கிற கம்பிவலை வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "படபடப்பு ஆகாது, பார்த்துக்குங்க" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். என் அண்ணன் அதைச் சட்டமாக்கிவிட்டான். அவன் ரஹாங்கில் குடும்பத்தோடு இருக்கிறான். கோபத்திலும் எனக்கு மூத்தவன். அம்மா கோயில் திருவிழாவுக்குப் போகக் கூடாது. மேளம் கேட்கக் கூடாது. வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. தொலைக்காட்சியில் தைப்பூசம் காட்டினால் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். தோட்டத்துத் திருவிழா வந்த வாரம் அவளைப் போர்ட்டிக்சனுக்குக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். தேதியை அவளிடம் சொல்லவே இல்லை. நானும் அண்ணன் பக்கம்தான். எனக்கும் பயம். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஐந்தாவது பாட்டை நான் எழுதியது அந்தச் சமயத்தில்தான். தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, சனங்கள் எல்லாம் டவுனுக்கு வந்தாகிவிட்டது. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்கிறது, திருவிழாவுக்கு மட்டும் சனங்கள் போய் வருவார்கள். இன்னும் அங்கே உட்கார்ந்துகொண்டு யாருக்குக் காவல் இருக்கிறாய், எழுந்து வாடி, எங்கள் டெரஸ் வீட்டு வாசலில் வந்து நில்லுடி என்று அம்மனைத் திட்டிக் கூப்பிடுகிற பாட்டு. தோட்டத்துப் பெண்கள் அம்மனை அப்படித்தான் பேசுவார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. கித்தார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் பதிவாகியிருந்தன. நடுவில் ஓர் இடத்தில் மற்ற வாத்தியம் எல்லாம் நின்று உறுமி மட்டும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டரில் கிடைக்கிற உறுமிச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். வயிற்று வலிக்காரன் முனகுவதுபோல் இருந்தது. அசல் உறுமிக் குழுவையே கூப்பிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து, அம்மாவுக்குத் துணையாக வந்து உட்காருகிற பக்கத்து வீட்டு அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டார். தனியாக விட்டால் அண்ணன் தோலை உரித்துவிடுவான். பதிவைத் தள்ளிப்போட்டால் உறுமிக்காரர்கள் மறுபடி எப்போது கிடைப்பார்கள் என்று தெரியாது, திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது. அம்மாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டூடியோவில் மூன்று பகுதி. முதலில் சோபா போட்ட வரவேற்பறை. அடுத்தது ஒலிப்பதிவு செய்கிறவர் உட்காரும் கண்ட்ரோல் அறை. அதற்கும் அப்பால், தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாசிக்கிற அறை. கதவுகள் எல்லாம் கனமானவை. ஈ பறக்கிற சத்தம்கூட வெளியே வராது. அம்மாவைச் சோபாவில் உட்கார வைத்து, அவள் கைப்பேசியில் சீரியல் போட்டுக் கொடுத்து, "இங்கிருந்து நகரக் கூடாதும்மா" என்றேன்.

"எங்க போவப்போறேன், சாமான் வாங்க இங்க என்னா பாசாரா இருக்கு" என்றாள்.

உறுமிக் குழுவின் தலைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மற்ற நாளில் லாரி ஓட்டுகிறவர். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். பம்பை அடிக்க இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றியதும், "இந்தப் பாட்டு எந்தக் கோயிலுக்கும்மா?" என்று கேட்டார்.

"கோயிலுக்கு இல்ல மாமா, ஆல்பத்துக்கு" என்றேன்.

"ஆல்பம் சரி. பாட்டுல வர்ற ஆத்தா எந்த ஊரு?"

எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அப்பாவின் குழுதான் முன்பு எங்கள் கோயிலில் வாசித்ததாம். சின்ன வயசில் பம்பையைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்திருக்கிறாராம். நல்ல சகுனம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். சாதாரண ஊர்வல அடிதான் வேண்டும், அம்மன் அடி வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டினார்.

காலை முழுக்க ஒன்றும் உருப்படவில்லை. ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியமாகத் தனித்தனியே பதிவு செய்து பிறகு சேர்ப்பார்கள். எல்லாம் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வாசிக்கிறவர் காதில் டிக் டிக் என்று ஒரு சத்தத்தை ஓட விடுவார்கள். ஒலிப்பதிவு செய்கிற தம்பி பொறுமைசாலி. மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவர், அவர் வீட்டாரும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். அவர் அந்தச் சத்தத்தைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் உறுமி ஒரு பக்கம் போகும், டிக் டிக் ஒரு பக்கம் போகும். தம்பி ஒலிபெருக்கியில் "ஸ்டாப்" என்பார். மூவரும் நிறுத்துவார்கள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஸ்டாப். உறுமிக்காரர்களோடு வாசிக்கிற அறையில் நின்ற எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மாமா, காதுல கேக்குற அந்தச் சத்தத்தோட போங்க."

"அது எங்க போவுதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அது என்னா சாமியா, பூதமா, பின்னாடியே போறதுக்கு?"

பம்பைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தை அணைக்கச் சொன்னேன். ஹெட்போன் மட்டும் அவர்கள் காதில் இருந்தது. மாமா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அதான் காலையில இருந்து ஓட மாட்டேங்குது. மொதல்ல முறைக்கு ஒரு அடி அடிச்சிக்கிறோம். அப்பறம் நீ கேட்டத வாசிக்கிறோம்" என்றார். எந்த உறுமிக் குழுவும் தெய்வத்துக்கு முதல் அடி அடிக்காமல் தொடங்காது. அது எனக்குத் தெரிந்த முறைதான். காலையில் நான்தான் நேரமில்லை என்று அதைத் தாண்டிப் போகச் சொல்லியிருந்தேன். எந்தத் தெய்வத்துக்கு அடிக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் தன் குலதெய்வத்துக்கு அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ என் மேல் உள்ள பிரியத்தில், எங்கள் தோட்டத்து அம்மனுக்கே அடிக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்.

வளைந்த குச்சி உறுமித் தோலில் இழுபட்டதுமே எனக்கு அது எந்த அடி என்று தெரிந்துவிட்டது. சரி, அம்மா வெளியே சோபாவில் இருக்கிறாள், இரண்டு கதவு தாண்டி, அவளுக்குக் கேட்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவுத் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில், அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் பிஸ்கட்.

வரவேற்பறையில் ஏர்கோன் ஓடவில்லையாம். வயசானவர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று தம்பி இரக்கப்பட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். அவள் தலைக்கு நேராக இரண்டு பெரிய ஸ்பீக்கர். உறுமி அதில் இடிபோல் கேட்டிருக்கும்.

முதலில் அவளுடைய கால் கட்டைவிரல் தரையைத் தட்டியது. பிறகு பிஸ்கட் கீழே விழுந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டி, அம்மாவை வெளியே கூட்டிப் போங்கள் என்று தம்பிக்குச் சைகை காட்டினேன். அவர், வாசிப்பு பிரமாதமாக இருக்கிறது என்று சொல்கிறேன் என நினைத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்குப் பின்னால் அம்மா கொண்டையை அவிழ்த்தாள். எழுந்து நின்றாள். மாமாவும் பம்பைக்காரர்களும் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. தம்பி திரும்பிப் பார்த்தார். மாதா கோயிலில் வளர்ந்தவர், சாமி வந்த யாரையும் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. முகத்தில் ஈயாடவில்லை. ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, "ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்" என்றார்.

காலையிலிருந்து பழகிய பழக்கம். மூவரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

சாமி இறங்கும்போது அடியை நிறுத்தக் கூடாது. இதைத் தோட்டத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அடியிலேதான் சாமி வருகிறது, அடியிலேதான் மலையேறும். நடுவில் நிறுத்தினால் வந்த சாமி போக வழியில்லாமல் அந்த உடம்பிலேயே நிற்கும். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் போகட்டும். ஆனால் அப்படி நின்ற ஒருவரை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் விறைத்து, பாதி நாள் அப்படியே கிடந்தார். அவருக்கு இருதயத்தில் ஒரு கோளாறும் கிடையாது.

கனமான கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா எங்கள் அறைக்குள் வந்தாள். கண் என்னைப் பார்க்கவில்லை, உறுமியைப் பார்த்தது. மாமா அப்போதுதான் பார்த்தார். "யாரு நிப்பாட்டச் சொன்னா?" என்றார், குரல் இறங்கிப்போய். பிறகு என்னிடம், "யாரும்மா இவங்க?" என்றார்.

"எங்கம்மா. நெஞ்சு வியாதி மாமா. படபடப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அம்மா நடு அறையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். நான் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடிற்று, தட்டிற்று, ஒரு துடிப்பு விட்டுப் போயிற்று, மறுபடி ஓடிற்று. கைப்பையிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்தேன். பல் கிட்டியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. அம்மா பின்னாலேயே ஓடி வந்த தம்பி கையில் என் கைப்பேசியைக் கொடுத்து அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"மேளத்தத் தொடாதீங்க" என்று அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். "படுக்க வெச்சி அமுக்கிப் புடிங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லு. மேளத்த அடிச்சா அம்மா அங்கயே போய்ருவாங்க, சொல்லிட்டேன்."

"அடிக்காட்டியும் ஆபத்துதான்யா" என்றார் மாமா, கைப்பேசியைப் பார்த்து. "பாதியில நிக்குது. மொறையா அனுப்பி வெக்கணும். இல்லாட்டி இந்த ஒடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?"

அப்போது அம்மாவின் வாய் திறந்தது.

"ஏண்டி கூப்புட்டே?"

அது அம்மாவின் குரல்தான். ஆனால் அடுப்படியிலிருந்து வருகிற குரல் இல்லை. நான் மேடையில் எத்தனை மைக் வைத்துக் கத்தினாலும் எனக்கு வராத குரல். சாமி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பொய் சொல்லக் கூடாது.

"பாட்டுக்குத்தான் கூப்புட்டேன் தாயே" என்றேன். "நீ வருவேன்னு நெனைக்கல."

"கூப்புட்டியே, உக்கார எடம் வெச்சியா?"

"இல்ல தாயே."

"குளிரத் தண்ணி வெச்சியா?"

மஞ்சள் தண்ணிக்கும் வேப்பிலைக்கும் நான் அங்கே எங்கே போவேன்? தம்பி ஒரு மினரல் வாட்டர் போத்தலை மூடி திறந்து நீட்டினார். அம்மா அதை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தரையெல்லாம் மைக் வயர். பம்பைக்காரர் ஒருவர் பாய்ந்து வயர்களை இழுத்து ஓரமாகத் தள்ளினார். தண்ணீர் என் காலடியில் ஓடி நின்றது.

"எம்புள்ளய ஏண்டி பூட்டி வெச்சிருக்கீங்க?"

முதலில் எனக்குப் புரியவில்லை. யாருடைய பிள்ளை என்று கேட்கப் போனேன். பிறகு புரிந்தது. அம்மாவைத்தான் சொல்கிறாள்.

"நெஞ்சு தாங்காது தாயே. டாக்டரு சொல்லியிருக்காரு."

"அந்த நெஞ்சுல நான் குந்தியிருக்கேன். தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியாதா? திருநா அன்னிக்கு நான் தேடுனேன். ஆளக் காணோம். கடல் காட்டுனீங்களாமே, கடலு. எப்ப வெளிய விடப்போறீங்க? சொல்லு."

கைப்பேசியிலிருந்து அண்ணனின் மூச்சுச் சத்தம் கேட்டது. என் விரலுக்குக் கீழே நாடி விட்டு விட்டு ஓடிற்று. விடுகிறேன் என்று சொன்னால் சொன்னபடி செய்தாக வேண்டும், செய்தால் அம்மாவை நானே கொல்கிறேன். விடமாட்டேன் என்று சொன்னால் இப்போதே, இங்கேயே எதுவும் நடக்கலாம். எத்தனையோ பாட்டு எழுதியவள் நான். மற்ற நாளில் என் வாயை யாராலும் அடக்க முடியாது. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சொல் கூட இல்லை.

மாமாவைப் பார்த்து, "அடிங்க மாமா" என்றேன்.

"வேண்டாம்" என்று கைப்பேசி கத்தியது. தம்பி அதை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார்.

மாமா மெல்ல அடித்தார். அத்தனை மெல்ல உறுமியை யாரும் அடித்து நான் கேட்டதில்லை. சாமியை அனுப்பி வைக்கிற பாட்டைப் பாடக் குழுவில் ஒருவர் உண்டு. அவரை வர வேண்டாம் என்று சொன்னவள் நான், மேளம் மட்டும் போதும் என்று. ஆகவே நானே பாடினேன். தோட்டத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பாட்டுத் தெரியும். போய் வா தாயே என்று கெஞ்சுகிற பாட்டு. பாதியில் எனக்கு அழுகை வந்து சுருதி எங்கேயோ போயிற்று. நான் அம்மாவின் மணிக்கட்டை விடவே இல்லை. உறுமி இறங்க இறங்க அவள் தோள் இறங்கியது. கடைசியில் துவண்டு என் மேல் சாய்ந்தாள். வாய் திறந்திருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வயர் எல்லாம் ஒட்டிப் பார்த்தார்கள். முன்பு இருந்ததுதான், புதிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இதையெல்லாம் வழக்கமாக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றான். என்னைப் பார்க்காமல், "ஒன் பாட்டுக்கு அம்மாவ பலி குடுக்கப் பாத்தியா?" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அம்மா கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"சாமி என்னா சொன்னிச்சி?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றான் அண்ணன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நானும், "ஒண்ணும் சொல்லலம்மா, ஆடிட்டு மலையேறிருச்சி" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஐந்தாவது பாட்டை நான் தொடவில்லை. மற்றப் பாட்டுகளை முடித்துவிட்டு அதைத் தூக்கிவிடலாம் என்று இருந்தேன். ஒரு நாள் ஒலிப்பதிவுத் தம்பி கூப்பிட்டார். "அக்கா, அன்னிக்கு நான் வாயாலதான் ஸ்டாப் சொன்னேன். ரெக்கார்டிங்க நிப்பாட்டவே இல்லக்கா. மைக் எல்லாம் ஓடிக்கிட்டு இருந்திச்சி. எல்லாமே இருக்கு. அழிச்சிரவா?"

"அழிக்காதீங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் மாமாவிடம் தம்பி சொல்லியிருக்கிறார். கோயிலில் அர்ச்சனை செய்த விபூதியும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்த மாமா, வந்த வேலையோடு போகாமல், "ஆத்தா வாக்கு சொன்னது எல்லாம் மெசின்ல பதிவாயிருக்குக்கா" என்று போட்டு உடைத்துவிட்டார். அவர் போன பிறகு அம்மா விபூதிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லலன்னே?"

நான் தலையைக் குனிந்து கித்தாரைத் துடைத்தேன்.

"ஒண்ணும் சொல்லாம அவ மலையேற மாட்டா பாப்பா. எனக்குத் தெரியாதா? நான் கேக்கணும்."

"வேண்டாம்மா. கேட்டு மறுபடியும் ஏதாச்சும் ஆச்சின்னா?"

"இத்தன வருசமா என் வாய் பேசினத நான் கேட்டதில்ல. ஊரே கேட்டிருக்கு. நீ கேட்டிருக்கே, ஒன் அண்ணன் கேட்டிருக்கான். நான் மட்டும் கேட்டதில்ல. அவ எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நான் முடியாது என்றேன். அண்ணனைச் சாக்காகச் சொன்னேன். டாக்டரைச் சொன்னேன். அவள் கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. நான் வேண்டுமென்றே கித்தாரைச் செருகி அலற விட்டேன். அடுப்படியிலிருந்து மரம் அறுக்கிற மிஷின் என்ற பேச்சு வரவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். இருதயத்தைக் காப்பாற்றி வைத்திருந்தோம். அதைச் சுற்றி இருந்த பொம்பளையைக் காணோம். எனக்கு அந்தப் பயம் புதிதாக இருந்தது, முந்தின பயத்தைவிட மோசமாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, அண்ணனுக்குச் சொல்லாமல் அவளை மறுபடி அந்த மாடிப்படியில் ஏற்றினேன். முதல் அடியையும் கடைசி அடியையும் வெட்டிவிடச் சொல்லித் தம்பியிடம் முன்பே பேசியிருந்தேன். நடுவில் இருந்த பேச்சு மட்டும், ஹெட்போனில், சின்னச் சத்தத்தில். மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். தம்பி ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தி வைத்து, கைப்பேசியைத் தயாராகப் பிடித்திருந்தார். அம்மா தலையில் முக்காடு போட்டு, அதற்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கோயிலில் உட்காருவதுபோல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி ஓட விட்டார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் ஒரு கோடு மட்டும் இடமிருந்து வலமாக நகர்ந்தது. பேச்சு இருக்கிற இடத்தில் அலை பருத்திருக்கும், பேச்சில்லாத இடத்தில் மெலிந்திருக்கும். எது எந்த இடம் என்று எனக்கு மனப்பாடம். ஏன் கூப்பிட்டாய் என்கிற இடம். தண்ணீர் கொட்டுகிற இடம். அம்மாவின் உதடு லேசாகத் திறந்தது. நாடி வேகமாயிற்று. நான் தம்பியைப் பார்த்தேன், நிறுத்திவிடலாமா என்று அவர் கண்ணால் கேட்டார். அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, ஆனால் இன்னொரு கையை உயர்த்தி, இரு என்பதுபோல் காட்டினாள். கோடு நகர்ந்து, பூட்டி வைத்திருக்கிறீர்களே என்கிற இடத்துக்கு வந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. முகம் அழவில்லை. யாரோ தனக்காகப் பேசுவதைக் கேட்கிற முகமாக இருந்தது அது.

பிறகு கடைசிக் கேள்வி. அதற்குப் பிறகு அலை மெலிந்து, வெறும் நூல்போல ஓடிற்று. அந்த நூல் நான் பேசாமல் நின்ற நேரம். அம்மா காத்திருந்தாள். தலையைச் சாய்த்து, சத்தம் குறைவாக இருக்கிறதோ என்று ஹெட்போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு காத்திருந்தாள். கோடு ஓடி முடிந்தது. அவள் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாமி கேட்டிச்சே. நீ என்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"சாமி கேட்டா பதில் சொல்லணும்."

"தெரியும்மா."

"இப்பச் சொல்லு."

அண்ணனின் முகம் எனக்கு முன்னால் வந்தது. டாக்டர் வந்தார். ஒரு துடிப்பு விட்டுப்போன அந்த நாடி வந்தது. என் விரலுக்குக் கீழே அது இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வேகமாக, ஆனால் ஒன்றையும் விடாமல். நான் மாத்திரையை மேசை மேல் வைத்தேன்.

"இந்த வருசத் திருவிழாவுக்கு நானே கூட்டிட்டுப் போறேம்மா" என்றேன். "அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அம்மா ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணீர் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்துத் தம்பியிடம் கொடுத்தாள். முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சரி பாப்பா. அங்க எனக்கு என்னமும் ஆச்சின்னா, பயந்துகிட்டு அடிய மட்டும் நிப்பாட்டச் சொல்லிறாதே."